ஒரே அளவுச் சாக்கெட்

இடுப்பு கடுத்தது. மூன்று நாளாகக் குனிந்தே உட்கார்ந்து போர்டுகளில் ஈயம் பற்றவைத்த கடுப்பு.

எலக்ட்ரானிக் சாமான் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் கையை ஊன்றி நின்றான்.

"அதே ரெண்டு பின் சாக்கெட்டுதானுங்ணா? எடுத்தே வெச்சுட்டேன்" என்றான் கடைக்காரன் சம்பத்.

"அது வேண்டாம் தம்பி. மாத்திச் சொருகினா உள்ளயே போகக் கூடாது. அப்படி ஏதாச்சும் குடு."

"சொருகறவன் கண்ணத் தொறந்து சொருகுனாப் போதாதுங்ளா?"

அவன் கண்ணாடிக்குள் இருந்த மற்ற வகைகளைக் காட்டினான்.

சம்பத் ஏழெட்டு வகையை அள்ளிக் கொட்டினான். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தான்.

தறிக்கு அடியில் கையை விட்டுத்தான் சொருக வேண்டும். அங்கே கண்ணுக்கு வேலையில்லை. பஞ்சும் எண்ணெயும் அப்பிய விரல்தான் பார்க்கும்.

முதல் வகை தலைகீழாகவும் போனது. தள்ளி வைத்தான்.

இன்னொன்று அழுத்தினால் போனது. தறிக்காரர்கள் அழுத்துவார்கள்.

கடைசி வகையில் கரண்டுக்கு நாலு பின், சென்சருக்கு மூன்று பின், ஓரத்தில் ஒரு மேடு. இது எவ்வளவு நெரித்தும் ஒன்று மற்றதில் ஏறவில்லை. கட்டைவிரல் சிவந்ததுதான் மிச்சம்.

அதையே வாங்கினான்.

நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் போர்டை அவன்தான் வீட்டிலேயே செய்து ஒரு தறிப்பட்டறைக்குக் கொடுத்திருந்தான். கரண்டுக்கும், நூல் அறுவதைக் கண்டுபிடிக்கும் சென்சருக்கும் ஒரே அளவுச் சாக்கெட் வைத்திருந்தான். ஒன்றாக வாங்கினால் மலிவு.

போன மாதம் அங்கே தறி ஓட்டும் பூவாத்தாள் இரண்டையும் மாற்றிச் சொருகிவிட்டாள். அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தபோது நின்ற தறி தானாக ஓடியது. ஆள்காட்டி விரல் போயிற்று.

"நாந்தானுங்க மாத்திச் சொருகிட்டேன்" என்று, ரத்தம் சொட்டச் சொட்ட அவளே முதலாளியிடம் சொன்னாள். அவனும் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

கவனமில்லாதவள் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சாக்கெட் வாங்கிய மறுநாள் மத்தியானத்துக்குள் பன்னிரண்டு தறிக்கும் புதுச் சாக்கெட் மாற்றி முடித்தான்.

முதலாளி ரங்கசாமி குனிந்து, வேண்டுமென்றே மாற்றிச் சொருகிப் பார்த்தார். முக்கினார். போகவில்லை.

"பரவால்லப்பா. இனி எந்த மடச்சி வந்தாலும் பயமில்ல."

அவன் வாயைத் திறந்தான்.

"ஆமாங்க" என்றான்.

இடுக்கியைத் துடைத்துப் பைக்குள் போட்டான். பழைய சாக்கெட்டுகளைக் கூட்டி அள்ளினான்.

தப்பு உன் கையில இல்லக்கா, என் போர்டுல. இதே முதலாளி முன்னால் நின்று பூவாத்தாளிடம் சொல்ல வேண்டிய அந்த ஒரு பேச்சு, அவன் இன்னும் தீர்க்காத கடன்.