நிறுத்திவைத்த இடம்

டிவியில் படம் முழுக்கப் புள்ளியாக விழுந்ததால் சற்குணம் வீடியோ டெக்கின் மூடியைத் திருப்புளியால் கழற்றினார். வெள்ளைத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து டேப்பைப் படிக்கும் ஹெட்டின் மேல் வைத்துக்கொண்டு, உருளையை விரலால் மெல்லச் சுற்றினார்.

அவர்களிடம் இருந்தது ஒரே கேசட், அவருடைய தங்கையின் கல்யாணம். அதில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் மகள் எப்சி அப்பளத்தைக் கடித்தபடி ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாள். அந்த வருடம் ஐப்பசியில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். பதினோரு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் அந்த முகத்தில் படத்தை நிறுத்திவைத்துவிட்டு இருவரும் சாப்பிட உட்காருவார்கள். ஐந்து நிமிடத்தில் டெக் தானாக நின்றுவிடும். சற்குணம் இடது கையால் மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்துவார்.

துணியில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி கிருபை எட்டிப் பார்த்தாள்.

"மூடித்தான வச்சிருக்கோம்? தூசி எப்படிப் போச்சு?"

"தூசி இல்ல. டேப்பு மேல இருக்கிற பூச்சு. படம் அதுலதான் இருக்கு. நிறுத்தி வச்சா ஹெட்டு ஒரே இடத்துல உரசிக்கிட்டே கெடக்கும். அது உதிர்ந்து வருது."

"எந்த இடத்துல?"

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

கிருபை துணியை அவர் கையிலிருந்து வாங்கினாள். கோடு உள்ளே போகும்படி நான்காக மடித்தாள்.

"சோறு எடுத்து வைக்கட்டுமா?" என்றாள்.