சனிக்கிழமை வைரஸ்

"மறுபடியும் வைரஸா!"

பிரேமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்த காளிதாஸ் அதற்குள் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

"அப்பா லேப்டாப்ல என்னமோ சிவப்பா வருதாம். ஸ்கேன் போட்டுட்டு வந்துடறேன்."

"போன சனிக்கிழமையும் சிவப்பா வந்துச்சு. அதுக்கு முந்தின சனிக்கிழமை மஞ்சளா வந்துச்சு. உங்கப்பா வீட்டு வைரஸுக்கு மத்த நாள்லாம் லீவா?"

காளிதாஸ் சிரித்தான். பதிலுக்குச் சண்டை போடக்கூட அவனுக்குத் தெம்பில்லை. தினமும் இருட்டோடு எழுந்து, ஸ்கூடாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். ஞாயிறு ஓவர்டைம். மிஞ்சுகிற ஒரே லீவு நாளையும் கூலாயில் தனியாக இருக்கும் மாமனார் மணியம் விழுங்கி ஏப்பம் விட்டுவிடுகிறார். அவருடைய பழைய லேப்டாப்பில் ஒரு ஸ்கேன் முடிய மூன்று மணி நேரம்.

பெற்ற பிள்ளை படும் பாடு கண்ணில் படாதா இந்த மனிதருக்கு?

"இருங்க, நானும் வர்றேன். இன்னைக்கு அந்த வைரஸுக்கு ஒரு வழி பண்றேன்."

பிரேமலா செனாயில் மெமரி கார்டு தயாரிக்கும் தொழிற்சாலையில் டெக்னிஷியன். விண்டோஸ், ஆன்டிவைரஸ் எல்லாம் ஏற்றித் தயாராக வைத்திருந்த ஒரு எஸ்எஸ்டி, அதிவேகப் புது டிஸ்க், கைப்பைக்குள் போனது. கூடவே ஒரு ஸ்குரூ டிரைவரும்.

கூலாயில் மாமனார் வாசலிலேயே நின்றார். மருமகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஸ்குரூ டிரைவரைப் பார்த்ததும் வாடியது.

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்? பழசே நல்லாத்தானே ஓடுது."

"அது எங்க மாமா ஓடுது? நொண்டுது. இது எஸ்எஸ்டி. பறக்கும் பாருங்க."

பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். பறந்துதான் போனது. மாமனார் போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் ஸ்கேன் முடிந்து, வைரஸ் எதுவும் இல்லை என்று பச்சையாக எழுதிக் காட்டியது.

"அட, முடிஞ்சிடுச்சா?" காளிதாஸ் எழுந்துவிட்டான். "அப்பா, பின்னால புல்லு எவ்வளவு வளர்ந்து கிடக்கு! மெஷின் எங்க?"

"டேய், அதெல்லாம் வேணாம்லா. உட்காரு."

யார் உட்கார்ந்தது? சற்று நேரத்தில் கொல்லைப்புறம் புல் வெட்டும் மெஷின் இரைந்தது.

மாமனார் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல மேசைப் பக்கம் வந்தார்.

"பிரேமலா, ஸ்கேன் பண்ணப் பண்ண இந்த எஸ்எஸ்டி தேஞ்சு போயிடுமாமே? கூட்டாளி ஒருத்தர் சொன்னாரு."

"யாரு மாமா அந்த அறிவாளி? நிறைய எழுதி எழுதி அழிச்சாத்தான் அது தேயும். ஸ்கேன் உள்ள இருக்கிறதைப் படிச்சுத்தான் பார்க்குது. வாரா வாரம் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. லேப்டாப்பே செத்தாலும் இது சாகாது."

"அப்ப சீக்கிரம் கெடாதா?"

"கெடவே கெடாது."

நல்ல சேதி கேட்ட முகமாகத் தெரியவில்லை.

"ஒண்ணு செய்யும்மா. அந்தப் பழசையே திரும்ப மாட்டிடு."

பிரேமலா அதுவரை அடக்கி வைத்திருந்தது வெடித்தது.

"மாமா, நேராவே கேட்கிறேன். மகனைப் பார்க்கணும்னா வாடான்னு கூப்பிடுங்க. யார் வேணாம்னா? வைரஸ், வைரஸ்னு பொய் சொல்லி இருக்கிற ஒரு லீவையும் கெடுக்கலாமா? அவர் நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா," என்றார் மாமனார். "அதனாலதான் கூப்பிடறேன்."

பிரேமலாவுக்குப் புரியவில்லை.

"ஸ்கேன் நடுவுல நின்னுடும், பக்கத்துலயே இருந்து பார்த்துக்கோடான்னு அந்தச் சாய்வு நாற்காலியில உட்கார வைப்பேன். கொஞ்ச நேரத்துல குறட்டை வந்துடும். மூணு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான். முழிச்சிடப் போறானேன்னு நான் டிவிகூடப் போடறதில்லை."

"சும்மா வந்து படுடான்னு சொல்லலாமே மாமா?"

"சொன்னா கேட்கிற ஆளா அவன்? சும்மா இருந்தா அவனுக்குக் கை அரிக்கும். அதோ பாரு."

பிரேமலா ஜன்னல் வழியே பார்த்தாள். கொளுத்தும் வெயிலில், சட்டையெல்லாம் நனைந்து, மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தான் காளிதாஸ். கண்ணுக்குக் கீழே அந்தக் கருப்பு எப்போது வந்தது? ஒழுகும் குழாய், மார்க்கெட், கார் கழுவுவது என்று வீட்டில் இன்றைக்கு அவனுக்காக அவள் எடுத்து வைத்திருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவன்மேல் பாவமாகவும் இருந்தது. இந்தக் கிழவர்மேல் சொல்ல முடியாத பிரியம் வந்தது.

ஸ்குரூ டிரைவரை மறுபடியும் எடுத்தாள்.

வேலை முடிந்ததும் பின்வாசலில் நின்று குரல் கொடுத்தாள். "ஏங்க, மெஷினை நிறுத்திட்டு வாங்க! மறுபடியும் ஸ்கேன் போட்டிருக்கேன். பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்குங்க."

காளிதாஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அதான் முடிஞ்சிடுச்சே? ஏன் பழைய டிஸ்க்கை மாட்டியிருக்கே? எஸ்எஸ்டிக்கு என்ன ஆச்சு?"

மாமனார் பதறிப்போய் மருமகளைப் பார்த்தார்.

சாய்வு நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டபடி பிரேமலா சொன்னாள்:

"மாமா சொன்னதுதாங்க சரி. ஸ்கேன் பண்ணப் பண்ண அது தேஞ்சு போயிடும்."