ஐஸுக்குக் கீழே கடல்

மகனுக்குப் பெண் பார்க்கத் தன்னாமுனைக்கு வந்திருந்த மங்கையற்கரசி, மேனுகாவை நேராகவே கேட்டாள்.

"வியாழன்ட நிலவுல, ஐஸுக்குக் கீழ கடலாம். அதைப் படிக்க ஜேர்மனியில நாலு வருஷமா? ஆர் பிள்ள அந்தக் கடலைக் கண்டது?"

"ஒருத்தரும் காணல்ல மாமி. மேல ஐஸ் வெடிச்சிருக்கிற விதத்தை வெச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க."

எதிரில் இருந்த அவள் மகன் சுதாகரனை மேனுகாவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் படிப்பை விடச் சொன்னால் அவனை விடுவது என்று காலையிலேயே முடிவெடுத்திருந்தாள்.

"நம்மட வழக்கத்தை மாத்தேலாது பிள்ள. கலியாணம் முடிஞ்சா மாப்பிள்ளை பெண்ட வீட்டிலதான் இருக்கணும்."

"மாமி, நான் நாலு வருஷமும் அங்கதான்..."

"அதத்தான் நானும் சொல்றன். நீ இருக்கிற இடந்தானே உன்ட வீடு? இவனுக்குப் பாஸ்போட் எடுத்தாச்சு. அங்கத்த குளிருக்கு என்ன உடுப்பு வாங்கணும், அதைச் சொல்லு."