சுருள் கிருமி வந்த வழி

“வீட்டுல நாய் வளக்கீகளா சார்?” என்று டாக்டர் ஐஸ்வர்யா கேட்டதும் அய்யாதுரை விழித்தார். புற்றுநோய் என்ற வார்த்தைக்குத்தான் அவர் தயாராகி வந்திருந்தார். தனக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனியை மகன் எப்படி நடத்த வேண்டும் என்று, சிவகாசியிலிருந்து விருதுநகர் வரும்வரை காரில் மனைவியிடம் சொல்லி முடித்திருந்தார்.

நாய் என்ன, ஒரு பூனைகூடத் தங்கள் வாசலை மிதித்ததில்லை என்று சுப்புலட்சுமி முந்திக்கொண்டு சொன்னாள்.

டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். குழாய் விட்டு இரைப்பையில் எடுத்த சதைத் துணுக்கில், ஸ்பிரிங் போலச் சுருண்டு சில கிருமிகள். போன மாதம் ஊதச் சொல்லிப் பார்த்த சோதனையில் சிக்காதவை, இப்போது மைக்ராஸ்கோப்பில் அகப்பட்டிருந்தன. புற்று இல்லை, இரைப்பை அழற்சிதான் என்றார். நாய், பூனை, பன்றி வயிற்றில் இருக்கிற கிருமி இது. அபூர்வமாகத்தான் மனிதருக்கு ஒட்டும். மாத்திரையில் போய்விடும். வந்த வழியை அடைக்காவிட்டால் திரும்ப வரலாம்.

அய்யாதுரைக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டருக்கும் நர்சுக்கும் வெளியே காத்திருந்த நோயாளிகளுக்கும் தீபாவளிக்குக் கிஃப்ட் பாக்ஸ் அனுப்புவதாக அறிவித்தார்.

அதற்குள் சுப்புலட்சுமிக்கு நாரணாபுரத்தில் இருக்கும் தங்கள் கம்பெனியில் வாட்ச்மேன் சுடலை வளர்க்கும் செவலை நாய் ஞாபகம் வந்துவிட்டது. சார் அதோடு நெருங்கிப் பழகுவாரா என்று டாக்டர் கேட்டார். அவர் எங்கே அதன் பக்கம் போகிறார் என்றாள் சுப்புலட்சுமி. புது வெடியைப் போட்டுப் பார்க்கும்போதுகூடக் கூட்டத்தோடு நிற்க மாட்டார். குடோனுக்குப் பின்னால் தனியாக ஒதுங்கி, சத்தத்தைக் கேட்டே தரம் சொல்லிவிடுவார்.

“இவுக காதுக்குத்தான் டாக்டர் வடக்க இருந்து ஆர்டர் வருது” என்றாள் பெருமையாக.

அப்படியானால் நாய் அவருடைய சாப்பாட்டில்தான் வாய் வைத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அங்கேயே சுடலைக்குப் போன் போட்டாள். அவன் குலசாமி மேல் சத்தியம் செய்தான். அவள் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் நாயும் போக வேண்டும், அவனும் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

“சுப்பு, அவன் பாவம், விட்டுரு” என்றார் அய்யாதுரை.

“உங்க வயித்தக் கெடுத்தவனுக்குச் சம்பளம் வேற குடுக்கணுமாக்கும்?”

அய்யாதுரை எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்காமல் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்:

“அந்த நாயையும் வெரட்டிட்டா, வெடி போட்டுப் பாக்கையில நான் யாரக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நடுங்குவேன்?”