சோப்பு நுரை

கோட்டக்குப்பத்து வீட்டு முற்றத்தில், காற்று ஊதிய நீல ரப்பர் உடுப்பு ஒன்று தலையில்லாத ஆளைப்போலப் பாயில் மல்லாந்து கிடக்கிறது. கழுத்தில் ஊறுகாய் ஜாடியும் மணிக்கட்டுகளில் சோடாப் புட்டிகளும் காற்றை அடைத்துக்கொண்டிருக்கின்றன. வளைகுடாத் துறைமுகத்தில் கப்பலடியில் முங்கி வேலை பார்க்கிற சனாவுல்லா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான். அங்கே கடல் வெதுவெதுப்புதான். ஆனால் துறைமுகத்தின் எண்ணெய் கலந்த தண்ணீர் மேலே பட்டால் கொப்புளம். சொட்டு நீரும் உள்ளே வராத உடுப்பு வேண்டும். பழைய தடித்த உடுப்பு சுவரில் தொங்குகிறது. போன கோடையில் அதற்குள் வெந்து மயங்கிய இவனைக் கயிற்றால்தான் மேலே இழுத்தார்கள்.

புதிதாக வாங்கிவந்த இந்த மெல்லிசு நீல உடுப்பில் ஓட்டை இருக்கிறதா என்று அவன் மனைவி பல்கீஸ் பீவி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கிறாள். நெஞ்சு, தோள், கை. வெயிலில் நுரை மினுங்குகிறது. எங்கேயும் குமிழி கிளம்பவில்லை. அக்குளிலும் இல்லை. ஆனால் அங்கே அவள் கை நிற்கிறது. "இங்க காத்து போவுதுங்க. இந்த வாட்டி போவ வேணாம்." அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தடித்த உடுப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறான். "ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து போட்டாச்சு, போவாம முடியுமா? இதையே எடுத்துக்கினு போறேன்." அவள் கைத்துணியிலிருந்து தண்ணீர் பாயில் சொட்டுகிறது. "இருங்க" என்கிறாள். கட்டைவிரலால் அக்குளை அழுத்தித் துடைக்கிறாள். "வெறும் சோப்பு நுரைதாங்க. மெல்லிசையே எடுத்துக்கினு போங்க."