இடம் மாறிய தோள்கள்

மருத்துவமனையின் பேசும் தானியங்கிக் கதவு மீண்டும் கேட்டது. "உங்கள் தொழில் என்ன?"

"எம் பிள்ளையப் பாத்துக்கறேன்" என்றாள் மங்கையர்க்கரசி. தோளில் கிடந்த மகன் பரிதிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.

"சொந்தப் பிள்ளையை வளர்ப்பது தொழில் அல்ல. தொழில் உள்ளவர்களுக்கே அனுமதி."

பிள்ளைக்காக வேலையை விட்ட நாளில், "இனி நீ யாருமில்ல" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அது விளையாட்டுப் பேச்சு என்று நினைத்திருந்தாள். "சமயபுரத்தாளே" என்று முனகியபடி வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருமும் குழந்தையோடு இன்னொருத்தி நின்றிருந்தாள். அவளையும் கதவு விடவில்லை.

"அக்கா, எந்திரிங்க. உங்க பையன எங்கிட்ட குடுங்க. எம் பொண்ண நீங்க தூக்கிக்கங்க."

"எதுக்கும்மா?"

"அடுத்தவ பிள்ளையத் தூக்கினா அதுக்குப் பேரு வேலை. இப்ப நாம ரெண்டு பேருமே உத்தியோகக்காரிங்க."

மாற்றிக்கொண்டார்கள். "குழந்தைப் பராமரிப்பு" என்றதும் கதவு திறந்து வணக்கம் சொன்னது.

உள்ளே நடைவழியெங்கும் கேமராக்கள். பின்னாலிருந்து பரிதி "அம்மா, அம்மா" என்று அழுதான். மருத்துவர் அறை வரும்வரை மங்கையர்க்கரசி திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் இருமிய குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே நடந்தாள். பின்னால் பரிதியின் அழுகை மெல்ல அடங்கியது. அங்கேயும் ஒரு கை தடவிக்கொண்டிருந்தது.