லாமிசியின் பாத்தி

லாமிசியின் பாத்தியில் அவின்போகா நான்காவது முறையாகக் குனிந்து தேடினாள். ஒரு பூகூட இல்லை.

தக்காளிச் செடிகள் இடுப்பளவு நின்றன. கரும்பச்சை. இலைக்கு மேல் இலையாகக் கொழுத்து, காய்க்கிற நினைப்பே இல்லாத செடிகள்.

லாமிசி அவளுடைய சக்களத்தி, இளையவள். பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது, "என் பாத்தியப் பாத்துக்கக்கா" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனவள். இன்று பிள்ளையோடு வருகிறாள். நாளை மறுநாள் தக்காளி ஏற்றக் குமாசி நகரத்து வியாபாரியின் லாரியும் வந்துவிடும்.

பக்கத்திலேயே அவின்போகாவின் பாத்தி. முழங்கால் உயரம்தான். அடியிலையெல்லாம் மஞ்சள். ஆனால் சின்னச் சின்னதாய்ப் பழம் சிவந்து தொங்கியது.

அதுதான் வினை.

"உன்னதுல பழம், அவளதுல தழை. நல்லாத்தான் பாத்துக்கிட்ட, போ! ஆட்டுக்கு ஆச்சு!" வாய்க்காலில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த தலாட்டா குரல் கொடுத்தாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

மூத்தவள் என்ன சொன்னாலும் பொறாமைக்காரி பேச்சாகத்தான் கேட்கும். அவின்போகா, லாமிசி வரவேண்டிய அணைப் பாதையைப் பார்த்தாள். மறுபடி இலைகளை விலக்கினாள். மறுபடி பாதை. கை சும்மா இருக்கமாட்டேன் என்றது.

லாமிசி வந்தேவிட்டாள். முதுகில் துணியால் கட்டிய பிள்ளை, தலையில் கூடை. வீட்டுக்குப் போகாமல் நேரே பாத்திக்கு.

தலாட்டா தண்ணீர் மொள்வதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

லாமிசி தன் செடியில் ஓர் இலையைக் கிள்ளி மடக்கினாள். படக்கென்று ஒடிந்தது. பிறகு அவின்போகாவின் பாத்தியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மஞ்சள் இலையை விரலில் ஏந்திப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சங்கத்துல ஆளுக்கு ரெண்டு டின் யூரியா குடுத்தாங்களே. உன் ரெண்டு டின் எங்கக்கா?"

அவின்போகா தலை குனிந்துகொண்டாள். "உன்னது வாடிரக் கூடாதேன்னு..."

"அதையும் என் செடிக்கே கொட்டினியாக்கும்! உரம் மிஞ்சினா தழைதான் வரும், பூ எங்க வரும்? யாரு கொட்டச் சொன்னா உன்ன?"

கோபம்தான். கண்ணில் தண்ணீரும் நின்றது.

லாமிசி துணியை அவிழ்த்தாள். பிள்ளையை அவின்போகாவின் முதுகில் சாய்த்து இறுக்கிக் கட்டினாள். பிறகு அவின்போகாவின் பாத்தியில் இறங்கி, ஒரு வார்த்தை கேட்காமல், தன் கூடையில் பழம் பறிக்கத் தொடங்கினாள்.